மூன்று மணி நேரத்துக்கு வெளியே

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் புதிதாகச் சேருபவர்களிடம் எட்டுக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் இல்லங்கள் கட்டாயமாக நிரப்ப வேண்டிய நீண்ட படிவம் ஒன்றின் நடுவே அவை வருகின்றன. படிக்கப் புத்தகமோ பத்திரிகையோ இருப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பிடித்த இசையைக் கேட்பது? நாய், பூனை மாதிரியான பிராணிகளோடு இருப்பது? நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்வது? நாலு பேரோடு சேர்ந்து எதையாவது செய்வது? மனதுக்குப் பிடித்த காரியங்களில் ஈடுபடுவது? வானிலை நன்றாக இருக்கும்போது வெளியே போய்க் காற்று வாங்குவது? வழிபாட்டில் கலந்துகொள்வது? மிகவும் முக்கியம், ஓரளவு முக்கியம், அவ்வளவு முக்கியமில்லை, முக்கியமே இல்லை என்று நான்கு பதில்கள். அவற்றுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது: முக்கியம்தான், ஆனால் செய்ய முடியவில்லை, அல்லது அதற்கு வழியில்லை. இந்த ஐந்தாவது பதிலைப் படித்தபோது உண்டான சங்கடம் இன்னும் என்னை விடவில்லை. வெளியே போய்க் காற்று வாங்க வேண்டும் என்று ஆசைப்படும் கிழவி ஒருத்தி அதைச் சொல்கிறாள்; எதிரில் இருப்பவர் கட்டத்தில் 5 என்று எழுதுகிறார். பிறகு? அதே படிவத்தில் படுக்கைப்புண் இருப்பதாகக் குறித்தால் அதைப் பார்க்க ஆள் வருவார். விழுங்கச் சிரமம் என்று குறித்தால் அதற்கென ஒருவர் வருவார். ஒரு மனிதர் தனக்கு முக்கியமான ஒன்றை இழந்துவிட்டதாகத் தன் வாயாலேயே சொல்லும்போது யார் வர வேண்டும்?

வர வேண்டியவருக்கு ஒரு தொழில் இருக்கிறது, ஒரு பெயரும் இருக்கிறது. ரெக்ரியேஷன் தெரபிஸ்ட். விளையாட்டு, இசை, தோட்டம், கைவினை, நீச்சல், பிராணிகள், வெளியே அழைத்துப் போதல் ஆகிய வழிகளில் நோயாளியின் உடலையும் மனத்தையும் மீட்கும் வேலை. அமெரிக்காவில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. மேற்பார்வையின் கீழ் 560 மணி நேரப் பயிற்சி உண்டு. 1981இல் நிறுவப்பட்ட தேசியச் சான்றளிப்புக் கவுன்சில் ஒன்று தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. பக்கவாதம், தண்டுவடக் காயம், மனநோய், போதைப் பழக்கம், மறதிநோய் என்று பல வார்டுகளில் இவர்கள் வேலை செய்கிறார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இவர்களுக்கு நெடுங்கால இடம் உண்டு. இருந்தும், இந்தத் தொழிலைச் செய்யத் தனி உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்ட மாநிலங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மருத்துவமனைச் செலவைக் குறைக்க வேண்டிவரும்போது முதலில் கை வைக்கப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. உடன் வேலை செய்பவர்களுக்கே இவர்கள் நோயாளிகளை விளையாட வைக்கிறவர்கள், பிறந்தநாளுக்குப் பலூன் கட்டுகிறவர்கள் என்பதற்கு மேல் தெரிவதில்லை.

இந்த அலட்சியம் தனிமனிதர்களின் பார்வைக் குறைவு மட்டும் என்றால் காலப்போக்கில் மாறலாம். ஆனால் அது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பக்கவாதத்துக்கோ விபத்துக்கோ பிறகு தீவிர மறுவாழ்வு மருத்துவமனையில் சேர வேண்டுமானால், நாளொன்றுக்கு மூன்று மணி நேர சிகிச்சை, வாரத்தில் ஐந்து நாள், தேவைப்படுபவராகவும் தாங்கக்கூடியவராகவும் நோயாளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் நிபந்தனை. அந்த மூன்று மணி நேரத்துக்குள் எதைக் கணக்கில் சேர்க்கலாம்? பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, செயற்கை உறுப்பும் தாங்கு கருவிகளும் பொருத்திப் பழக்குவது ஆகிய நான்கு. 2010க்கு முன்பு, மருத்துவர் தேவை என்று கருதினால் ரெக்ரியேஷன் தெரபியையும் அந்தக் கணக்கில் சேர்க்க இடமிருந்தது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள் அதை வெளியே வைத்துவிட்டன. மருத்துவமனை அதைக் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கொடுக்கலாம், ஆனால் கணக்கில் வராது. கணக்கில் வராத ஒன்றுக்கு நிர்வாகம் எவ்வளவு நாள் சம்பளம் கொடுக்கும்? மீண்டும் சேர்க்கச் சொல்லி அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சட்ட முன்வரைவு கொண்டுவந்திருக்கிறார்கள். என் மனம் அந்த மூன்று மணி நேரத்துக்குள் நடக்கும் போட்டியில் நிற்கவில்லை. ஒரு நாளில் மிச்சம் இருபத்தொரு மணி நேரம் இருக்கிறது. தூக்கத்துக்கு எட்டு, குளிக்கவும் சாப்பிடவும் மூன்று என்று எடுத்துவிட்டாலும் பத்து மணி நேரம் மிஞ்சும். நோயாளி குணமாகி எங்கே போகிறார் என்று கேட்டால் வீட்டுக்கு என்கிறோம். உண்மையில் அவர் போவது அந்தப் பத்து மணி நேரத்துக்குத்தான்.

என் பெரியப்பா ஒருவர் சாயங்காலமானால் கோயில் தெரு முனையில் இருந்த ஒரு திண்ணைக்குப் போய்விடுவார். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். ஒரே நாலு பேர். மழை பெய்தால் திண்ணையின் உள்பக்கம், வெயில் காலமானால் விளிம்பு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு இனத்தையும் கூட்டினால் 304. பாதிச் சீட்டு கைக்கு வந்ததுமே ஏலக் கேள்வி கேட்டாக வேண்டும். துருப்பை மூடி வைத்தவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்றினார்கள். பிசியோதெரபி செய்த பையன் பொறுமையானவன். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வான், சுவரில் விரல்களை ஏறவிடச் சொல்வான், கைத்தடியோடு வராந்தாவில் நடக்க வைப்பான். அவன் போனபிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் நாள். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தார், பேச்சும் தெளிந்தது. நல்ல முன்னேற்றம் என்று எழுதி அனுப்பினார்கள், அது உண்மையும்கூட. திண்ணைக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, வாங்க. வந்து சும்மா உக்காந்திருந்தாக்கூடப் போதும்" என்று கூப்பிட்டார்கள். போனார். சீட்டை விசிறியாக விரித்துப் பிடிக்க இடது கையில் பலம் இல்லை. மடியில் வைத்தால் பக்கத்து ஆள் கண்ணில் படும். ஒரு சீட்டு நழுவித் தரையில் மல்லாந்து விழுந்தது, அதுவும் துருப்புச் சீட்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் திண்ணைக்குப் போகவே இல்லை. மிச்சக் காலத்தைத் தொலைக்காட்சிக்கு எதிரில் கழித்தார். சீட்டுகளை நிற்கவைக்க நீளமாகக் கீறிய ஒரு மரத்துண்டு போதும் என்பதைப் பல வருடங்கள் கழித்து, ரெக்ரியேஷன் தெரபி பற்றி வாசிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். சீட்டுத் தாங்கி. எந்த ஆசாரியும் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்.

மரத்துண்டோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. இந்தத் தொழிலின் அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்று, ஒரு செயலை எடுத்துக்கொண்டு அது மனிதரிடம் என்னென்ன கேட்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. முந்நூற்றிநாலைப் பிரித்துப் பார்க்கலாம். உடலிடம் அது ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்காரும் பலத்தையும், ஒரு கையில் பிடிப்பையும் மறு கையில் எட்டிப் போடும் வீச்சையும் கேட்கிறது. மூளையிடம் விழுந்த சீட்டுகளின் நினைவையும் ஓயாத கூட்டலையும் எதிராளியின் கையில் என்ன இருக்கும் என்ற ஊகத்தையும் கேட்கிறது. பக்கவாதத்தில் சிலருக்கு இடதுபுறம் இருப்பதே கண்ணில் படாமல் போகும். அவர்களுக்கு இடது ஓரத்துச் சீட்டைத் தேடுவது தனிப் பயிற்சி. பேச்சிடம் தன் முறை வரும்போது தெளிவாகக் கேள்வி கேட்பதைக் கேட்கிறது. மனத்திடம் தோற்றால் தாங்குவதையும், கூட்டாளி தப்பாட்டம் ஆடினால் பொறுப்பதையும் கேட்கிறது. ஒரு மறுவாழ்வுப் பிரிவு தனித்தனி அறைகளில் தனித்தனி நிபுணர்களைக் கொண்டு பயிற்றுவிக்கும் பலவும் அந்தத் திண்ணையில் ஒன்றாக இருந்தன. கூடவே, வேறு எந்தப் பயிற்சியிலும் இல்லாத ஒன்றும் இருந்தது: அவர் அதைச் செய்ய விரும்பினார். ரப்பர் பந்தை அமுக்க யாரும் விரும்புவதில்லை. ஒரு ரெக்ரியேஷன் தெரபிஸ்ட் அவரைப் பார்த்திருந்தால், முதலில் தாங்கியோடு இருவர் ஆடும் எளிய ஆட்டம், பிறகு வார்டிலேயே நாலு பேர், பிறகு சக்கர நாற்காலியிலோ கைத்தடியோடோ அந்தத் திண்ணைக்கே கூட்டிப்போய் படியேறும் விதத்தைப் பார்ப்பது, கடைசியாகத் திண்ணைக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசுவது என்று திட்டம் போட்டிருப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன மாறியது என்று குறித்து வைத்திருப்பார். அதன் பெயர் சிகிச்சை. வேறு என்ன சொல்வது?

இது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் வேலைதானே என்ற கேள்வி நியாயமானது. அந்தத் துறையின் பாடப்புத்தகங்களில் ஓய்வுநேரச் செயல்களுக்கும் இடம் உண்டு. இரண்டு துறைகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் கிடக்கின்றன. ஆனால் காப்பீடு கேட்பது சட்டை போட்டுக்கொள்வாரா, கழிப்பறைக்குத் தானே போவாரா, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவாரா என்பதை. அதில் தவறில்லை, அவை இல்லாமல் மானம் இல்லை. அந்த வரிசையின் கடைசியில் இருக்கும் விருப்பமான செயலுக்கு முறை வருவதற்குள் நாட்கள் தீர்ந்துவிடுகின்றன. சட்டை போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டவர் எங்கே போவதற்காகச் சட்டை போடுகிறார் என்ற கேள்வியை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு வேலை தொடங்கும் ஒருவர் அங்கே தேவைப்படுகிறார்.

எனக்குள் தீராத சந்தேகம் வேறொன்று. மருந்துச் சீட்டில் எழுதித் தரப்படும் விளையாட்டு விளையாட்டாக இருக்குமா? எந்தப் பயனும் கருதாமல் செய்வதால்தான் சில காரியங்கள் நமக்கு இனிக்கின்றன. பாட்டுக் கேட்பவரின் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, குழுவில் முப்பது நிமிடம் இருந்தார், இரண்டு முறை தானாகப் பேசினார், ஒரு முறை சிரித்தார் என்று எழுதினால் அந்தச் சிரிப்புக்கு என்ன ஆகும்? எழுதாமல் விட்டால் அது நடந்ததற்குச் சாட்சி இல்லை, சம்பளமும் இல்லை. எழுதினால் அது கொஞ்சம் செத்துவிடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் இந்த முரணுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். ரொம்ப நாள் இதை இந்தத் தொழிலின் பலவீனமாகவே நினைத்து வந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒன்றைக் கவனித்தால் போதும்: மருத்துவமனையில் நோயாளி "வேண்டாம்" என்று சொல்வதற்கு அநேகமாக இடமே கிடையாது. ஊசி வேண்டாம் என்றால் பயமுறுத்துவார்கள், சாப்பாடு வேண்டாம் என்றால் கெஞ்சுவார்கள், பரிசோதனை வேண்டாம் என்றால் கையெழுத்துக் கேட்பார்கள். கூட்டுப் பாட்டு வேண்டாம், படம் வரைகிறேன் என்று சொன்னால் ரெக்ரியேஷன் தெரபிஸ்ட் அதைக் கேட்டுக்கொள்வார். அந்த மறுப்பே அவருக்கு நோயாளியைப் பற்றிய செய்தி. உடம்பு முழுவதும் பிறர் வசம் போய்விட்ட ஒருவருக்குத் தன் விருப்பம் என்று ஒன்று மிச்சமிருப்பது அந்த அறையில் தெரியவருகிறது. அளவெடுப்பதால் விளையாட்டு சற்றுச் சுருங்கலாம். தேர்ந்தெடுக்க விடுவதால் மனிதர் விரிகிறார்.

1976இல் எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு இதையொட்டி அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் உங்கள் நாளை அமைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றார்கள். ஆளுக்கொரு செடியைத் தாங்களே தேர்ந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். வாரத்தில் எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், சினிமா காட்டினார்கள், ஆனால் எல்லாம் ஊழியர்கள் பொறுப்பு. முதல் தளத்தவர்கள் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள் என்றது ஆய்வு. அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வு, அவர்களிடையே இறந்தவர்களும் குறைவு என்றது. இந்தக் கடைசி முடிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் புள்ளியியல் கணக்கில் பிழை இருந்ததாகப் பின்னர் திருத்தம் வெளியானதையும், வேறுபாடு முதலில் சொன்ன அளவு உறுதியானதில்லை என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இந்தத் தொழிலை நேசிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆயுளை நீட்டும் என்று நிரூபணமாக வேண்டிய கட்டாயம் செடிக்கு எதற்கு? வலி மாத்திரையிடம் ஆயுளை நீட்டுவாயா என்று நாம் கேட்பதில்லை. வலியைக் குறைத்தால் போதும் என்கிறோம். வெறுமையும் ஒரு வலி என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் நமக்கு மனம் வருவதில்லை. இதற்கு நடுவே ஒரு சுழலும் இருக்கிறது: பெரிய ஆய்வுகள் இல்லை என்பதால் காப்பீடு பணம் தருவதில்லை, பணம் இல்லாததால் பெரிய ஆய்வுகள் நடப்பதில்லை.

இத்தனைக்கும் இது புதிய யோசனை இல்லை. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் திறந்த மனநலக் காப்பகத்தில் சங்கிலிகளுக்குப் பதிலாகத் தோட்ட வேலையும் நடையும் தேநீர் விருந்தும் இருந்தன. முயல்களையும் கோழிகளையும் முற்றத்தில் விட்டிருந்தார்கள். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மான், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர். இடுப்புக்குக் கீழே உணர்விழந்த படைவீரர்கள் அதிக நாள் பிழைக்க மாட்டார்கள் என்று மருத்துவ உலகம் கைவிட்டிருந்த காலம். அவர் படுக்கைப்புண்ணையும் சிறுநீர்த் தொற்றையும் விடாப்பிடியாகக் கவனித்ததோடு, அவர்கள் கையில் அம்பையும் பந்தையும் கொடுத்தார். வில் வளைப்பது தோளையும் முதுகையும் பலப்படுத்தும், உட்காரும் சமநிலையைத் தரும் என்பது அவர் கணக்கு. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அது வளர்ந்து 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆயிற்று. இந்த வரலாற்றைச் சொல்லும்போது பெருமை வருகிறது. கூடவே ஒரு நெருடலும். உலகம் மைதானத்தைப் பார்த்துக் கைதட்டியது, வார்டை மறந்துவிட்டது. பதக்கம் வாங்கப்போகாத, வாங்க ஆசையும் இல்லாத கோடிக்கணக்கான நோயாளிகளுக்கும் அந்த அம்பு தேவைப்பட்டது. சிகிச்சையாகத் தொடங்கிய ஒன்று சாதனையாக மாறியதும் மரியாதை கிடைத்தது. சிகிச்சையாகவே நின்றுவிட்டதற்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கம் திரும்பினால் கதை வேறு. விபத்தில் தண்டுவடம் முறிந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்த மேரி வர்கீஸ், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்டு ரஸ்க்கிடம் பயின்று வந்து 1966இல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் காலத்தில் தொழில்வழி சிகிச்சை வளர்ந்தது. நமக்கு வேலையைச் சிகிச்சையாக ஏற்பதில் தடையில்லை. நெசவு, தையல், ரொட்டி சுடுவது என்றால் விளைவு கையில் தெரிகிறது, நாலு காசும் வருகிறது. பழைய காப்பகங்கள் உலகெங்கும் நோயாளிகளின் இலவச உழைப்பைச் சிகிச்சை என்ற பெயரில் உறிஞ்சியதும் இதே வழியில்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதனால்தான் கட்டாய வேலையைத் தடுத்து, செய்யும் வேலைக்கு ஊதியம் கேட்கிறது. அதே சட்டத்தின் 20ஆவது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: மனநல நிலையத்தில் இருப்பவருக்கு ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் வழிபாட்டுக்கும் உரிய வசதி பெற உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பண்பாட்டு வாழ்வையும் பொழுதுபோக்கையும் உரிமையாகப் பேசுகிறது. 2021இல் வந்த, மருத்துவத் துணைப்பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இந்தத் தொழிலின் பெயரும் வந்துவிட்டது. அசைவுச் சிகிச்சையாளர் என்பதற்குள், கலை, நடனம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள். உரிமை இருக்கிறது, பெயர் இருக்கிறது. வார்டில் இருப்பது சுவரில் உயரத்தில் மாட்டிய ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதன் ரிமோட் நர்ஸ் மேசையில் இருக்கிறது.

இங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அமெரிக்கனுக்குத்தான் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. நம் அரசு மருத்துவமனை வார்டு சத்தமானது, நெரிசலானது, ஆனால் அவ்வளவு தனிமையானதில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மருமகள் நமக்கும் சேர்த்து இட்லி வாங்கி வருவாள். எதிர்க் கட்டில்காரரின் நிலத் தகராறு நமக்கு மனப்பாடமாகிவிடும். ஆனால் நம் அன்பு நோயாளியிடம் அதிகம் சொல்லும் வாக்கியம் எது? "நீங்க சும்மா இருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்." காய் நறுக்க வரும் அம்மாவின் கையிலிருந்து அரிவாள்மனையை வாங்கிவிடுகிறோம். கடைக்குப் போகிறேன் என்னும் அப்பாவை உட்காரவைத்துவிட்டு நாமே ஓடுகிறோம். கோலம் போடக் குனிந்தால் பதறுகிறோம். பாசத்தால் செய்கிறோம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரியமாக அவர்கள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, கடைசியில் அவர்கள் எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறார்கள் என்று மருத்துவரிடம் சொல்கிறோம். விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தைக் குறைத்து, விழாமல் கோலம் போட என்ன வழி என்று யோசிக்கப் பயிற்சி பெற்ற ஒரு வெளியாள் இங்கேதான் கூடுதலாகத் தேவை. சக்கர நாற்காலியின் உயரத்துக்கு ஒரு பலகை, அதில் கோலமாவு, முதலில் நாலு புள்ளி. குடும்பத்துக்கு அன்பு இருக்கிறது, பயமும் இருக்கிறது. அந்த வெளியாளுக்கு முறை தெரிந்திருக்கும்.

இந்தத் தொழில் ஏன் மதிக்கப்படவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. துன்பத்தைக் குறைப்பது கடமை, மகிழ்ச்சியைத் தருவது உபரி என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். நோயாளி வலியில்லாமல் இருந்தால் நன்றி சொல்ல வேண்டும். சந்தோஷமாகவும் இருக்க ஆசைப்பட்டால் பேராசை. மகிழ்ச்சியை உண்டாக்க யாராலும் முடியும், அதற்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. மறதிநோயால் பெண்ணின் பெயரையே மறந்துவிட்ட ஒரு பாட்டியிடம் எந்தப் பாட்டைத் தொடங்கினால் அடுத்த அடியை அவள் எடுப்பாள் என்று தேடிக் கண்டுபிடிப்பதும், பார்க்கின்சன் நோயால் தரையில் கால் ஒட்டிக்கொண்டவருக்கு எந்தத் தாளக்கட்டு முதல் அடியை எடுத்துக் கொடுக்கும் என்று அறிவதும், குடியை விட்டவருக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் என்ன கொடுப்பது என்று அவரோடு உட்கார்ந்து யோசிப்பதும் யாராலும் முடிகிற காரியங்கள் அல்ல. கடைசியாகச் சொன்னவருக்கு அந்த ஆறு மணிதான் நோயே. மருந்து உடலிலிருந்து சாராயத்தை எடுத்துவிடும். ஆறு மணியை எடுக்காது.

ஆகவே, கேட்க வேண்டியதை நேராகவே கேட்கிறேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் தாளில், மாத்திரைகளுக்கும் மறுபரிசோதனைத் தேதிக்கும் கீழே, இவருக்குப் பிடித்த காரியம் எது, அதை மறுபடி செய்ய என்ன ஏற்பாடு என்று இரண்டு வரிகள் இருக்க வேண்டும். அந்த வரிகளை நிரப்பப் படித்த ஒருவர் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், மனநல மருத்துவமனையிலும், மறுவாழ்வுப் பிரிவிலும் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். சட்டத்தில் பெயர் வந்த தொழிலுக்குப் பாடத்திட்டம் வர வேண்டும், பணியிடம் வர வேண்டும், பதவி உயர்வு வர வேண்டும். அமெரிக்கா 2010இல் செய்ததுபோல் கணக்குக்கு வெளியே நிறுத்தும் விதியை நாம் தொடக்கத்திலேயே எழுதிவிடக் கூடாது. அதுவரை நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளோடு இந்த ஒரு கேள்வியையும் கொண்டுபோகலாம்: உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு முடித்த பிறகு, என்ன செய்ய ஆசையாக இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு என்ன வழி என்று அங்கேயே உட்கார்ந்து யோசியுங்கள். ஆனால் நல்லெண்ணத்தை நம்பி ஒரு நாட்டின் மருத்துவத்தை நடத்த முடியாது. ஓய்வும் பொழுதுபோக்கும் மனநல நிலையத்தில் இருப்பவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டிலேயே சட்டம் சொல்லிவிட்டது. அந்த உரிமையை நிறைவேற்ற ஆள் நியமிக்காதவரை அது காகிதத்தில்தான் இருக்கும்.